நூறு மீட்டர் ஈத்தர்நெட் கடல் தாண்டுவது எப்படி?

ஈத்தர்நெட் என்றதும் பலருக்கும் கண்முன் வருவது ரவுட்டருக்குப் பின்னால் தொங்கும் நீல வயர், நூறு மீட்டரே அதன் எல்லை. ஃபைபர் என்றதும் வருவது 'ஒளியின் வேகம்'. மொரீசியஸில் வீட்டு வாசல் வரை கண்ணாடி இழை வந்துவிட்ட பிறகு இந்த இரண்டு சொற்களும் எல்லோர் வாயிலும் புழங்குகின்றன. புழங்கப் புழங்கப் பொருள்தான் தேய்ந்துகொண்டே வருகிறது. எபேன் சைபர்சிட்டியில் கணினித் துறையில் இருப்பவர்களே, "நூறு ஜிகாபிட் லைன் வாங்கிவிட்டால் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரம் பக்கத்து அறை மாதிரி ஆகிவிடும்" என்று பேசக் கேட்டிருக்கிறேன். ஆகாது.

இதைப் புரிந்துகொள்ள முன்னறிவு எதுவும் வேண்டியதில்லை. மூன்று தூரங்களை மனதில் வைத்துக்கொண்டால் போதும். கட்டடத்துக்குள் மீட்டர் கணக்கு. ஏறத்தாழ 65 கிலோமீட்டர் நீளமுள்ள நம் தீவுக்குள் பத்து, இருபது, ஐம்பது கிலோமீட்டர் கணக்கு. தீவை விட்டு வெளியே போனால் நூறும் ஆயிரமும். மூன்று இடத்திலும் ஈத்தர்நெட் ஒன்றேதான். அதைச் சுமக்கும் ஒளிதான் தூரத்துக்கு ஏற்ப வேடம் மாற்றிக்கொள்கிறது.

## ஈத்தர்நெட் என்பது வயர் அல்ல

ஈத்தர்நெட் ஒரு விதிமுறை. தரவை எப்படித் துண்டு போடுவது, ஒவ்வொரு துண்டின் தலையிலும் அனுப்புபவர், பெறுபவர் முகவரிகளை எப்படி எழுதுவது, வழியில் கெட்டுப்போனதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை வரையறுக்கிறது. அப்படிப்பட்ட ஒரு துண்டுக்குச் சட்டகம் என்று பெயர். வழக்கமான சட்டகத்தில் அதிகபட்சம் 1,500 பைட் தரவு இருக்கும். முன்னால் முகவரிகள், பின்னால் 4 பைட் சரிபார்ப்பு எண். தான் போவது செம்பிலா கண்ணாடியிலா என்பது சட்டகத்துக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

1973இல் அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் ராபர்ட் மெட்காஃப் இதை முன்வைத்தபோது, ஒரே தடித்த கேபிளை எல்லாக் கணினிகளும் பகிர்ந்துகொண்டன. இரண்டு கணினிகள் ஒரே நேரத்தில் பேசினால் மின்குறிகள் (சிக்னல்கள்) மோதிக் குழம்பும். மோதலை அனுப்பும் கணினி, தான் அனுப்பி முடிப்பதற்குள் உணர்ந்தாக வேண்டும். பின்னர் வந்த தரநிலையில் மிகச் சிறிய சட்டகம் 64 பைட், அதாவது 512 பிட். வினாடிக்கு 10 மெகாபிட் வீதத்தில் அதை அனுப்ப ஆகும் நேரம் 51.2 மைக்ரோ வினாடி. அந்த நேரத்துக்குள் குறி மறுமுனைக்குப் போய், மோதல் செய்தி திரும்பி வந்துவிட வேண்டும். நடுவில் இருக்கும் கருவிகளின் தாமதத்தையும் சேர்த்துப் பார்த்தால் கிடைத்த உச்ச தூரம் 2.5 கிலோமீட்டர்.

ஈத்தர்நெட்டைக் கட்டடத்துக்குள்ளேயே கட்டிப்போட்டது இந்த மோதல் கணக்குதான். பிறகு ஒவ்வொரு கருவிக்கும் தனிப் பாதை கொடுக்கும் ஸ்விட்சுகள் வந்தன. அனுப்ப ஒரு வழி, பெற ஒரு வழி என்று பிரித்த பின் மோதலுக்கே இடமில்லை. 1997இல் அது தரநிலையாகவும் ஆனது. அதற்குப் பிறகு தூரத்துக்குத் தடை போட்டது இயற்பியல் மட்டுமே.

சுருக்கமாக: ஈத்தர்நெட் என்பது சட்டக விதி. 'நூறு மீட்டர்' என்பது செம்பு வயரின் எல்லை, ஈத்தர்நெட்டின் எல்லை அல்ல.

## வேகம் என்று எதைச் சொல்கிறோம்?

வெற்றிடத்தில் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் போகும். கண்ணாடி இழைக்குள் அது ஏறத்தாழ 2 லட்சம்தான். நீல வயரின் செம்பில் மின்குறி ஓடும் வேகமும் கிட்டத்தட்ட அதேதான்! ஓட்டப் பந்தயத்தில் கண்ணாடி செம்பை வெல்லவில்லை. விளம்பரங்கள் சொல்லாமல் விடும் விஷயம் இது.

கண்ணாடியில் ஒரு கிலோமீட்டரைக் கடக்க 5 மைக்ரோ வினாடி ஆகும். மெட்டிஸ் என்ற கடலடி கேபிள் 2021 முதல் மொரீசியஸ், ரியூனியன், மடகாஸ்கர், டர்பனை அடுத்த அமன்சிம்டோட்டி ஆகிய இடங்களை இணைக்கிறது. டர்பன் பக்கம் போக 3,000 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், போக 15 மில்லி வினாடி, போய்வர 30. நூறு ஜிகாபிட் லைன் வாங்கினாலும் அதே 30தான். ஜிகாபிட் என்பது ஒரு வினாடியில் எத்தனை பிட் உள்ளே தள்ள முடியும் என்பதன் கணக்கு. முதல் பிட் எப்போது போய்ச் சேரும் என்பது வேறு கணக்கு. அதற்குத் தாமதம் என்று பெயர்.

தாமதத்தைக் குறைக்கப் பாதையைத்தான் குறைக்க வேண்டும். மொரீசியஸைச் சேர்ந்த ரொட்ரிக்ஸ் தீவு இதற்கு நல்ல சான்று. 2019 வரை அத்தீவின் இணையம் செயற்கைக்கோளை நம்பியிருந்தது. புவிநிலைச் செயற்கைக்கோள் தலைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டரில் இருக்கிறது. ஏறி இறங்கிப் பதில் திரும்ப அரை வினாடி ஆகிவிடும். அந்த ஆண்டு ஏறத்தாழ 700 கிலோமீட்டர் நீளமுள்ள மார்ஸ் கேபிள் வந்தது. அதில் போய்வர 7 மில்லி வினாடி. ரேடியோ அலை கண்ணாடிக்குள் போகும் ஒளியைவிட வேகமாகப் பறக்கிறது. இருந்தும் தோற்றது, சுற்றுவழி போனதால்.

அப்படியானால் கண்ணாடியின் பெருமை எதில்? இழப்பில். குறி போகப் போக வலுவிழக்கும். அந்த வலுவிழப்பை அளக்கும் அலகு டெசிபெல். 3 டெசிபெல் என்றால் பாதி மிஞ்சும், 10 என்றால் பத்தில் ஒரு பங்கு, 20 என்றால் நூற்றில் ஒரு பங்கு. கேட் 6 வகைச் செம்பு வயரில் 100 மெகாஹெர்ட்ஸ் குறி நூறு மீட்டரில் ஏறத்தாழ 20 டெசிபெல் இழக்கிறது. நல்ல கண்ணாடி இழை, 1550 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளியில் கிலோமீட்டருக்கு 0.2 டெசிபெல்தான் இழக்கிறது. செம்பு நூறு மீட்டரில் தொலைப்பதைக் கண்ணாடி நூறு கிலோமீட்டரில்தான் தொலைக்கிறது.

இந்தக் கண்ணாடி சும்மா கிடைத்துவிடவில்லை. 1966இல் சார்லஸ் காவ், ஜார்ஜ் ஹாக்கம் இருவரும் இங்கிலாந்தின் ஹார்லோ ஆய்வகத்திலிருந்து, இழப்புக்குக் காரணம் கண்ணாடியில் கலந்திருக்கும் மாசுதான், அதை நீக்கினால் கிலோமீட்டருக்கு 20 டெசிபெல் வரை இறக்கலாம் என்று எழுதினார்கள். 1970இல் கார்னிங் நிறுவனம் அந்த எல்லையைத் தாண்டிக் காட்டியது. காவுக்கு நோபல் பரிசு வந்தது 2009இல்.

## ஒற்றைப் பாதை

கண்ணாடி இழையின் குறுக்கு விட்டம் 0.125 மில்லிமீட்டர். அதன் நடுவே உள்ளகம், சுற்றிலும் உறை. உள்ளகத்தின் ஒளிவிலகல் எண் சற்றே அதிகம் என்பதால் ஒளி வெளியே கசியாமல் உள்ளேயே அடைபட்டு ஓடும். உள்ளகம் எவ்வளவு அகலம் என்பதில்தான் இரண்டு வகை பிரிகிறது. 50 மைக்ரான் அகலம் என்றால் மல்டிமோடு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஏறத்தாழ 9 மைக்ரான் என்றால் சிங்கிள்மோடு.

தைப்பூசக் காவடி ஊர்வலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆற்றங்கரையிலிருந்து கோயிலுக்குப் பக்தர்கள் குழுக் குழுவாகப் புறப்படுகிறார்கள், ஒவ்வொரு குழுவுக்கும் இடையே சற்று இடைவெளி. ஒரு குழு ஒரு பிட் என்று வையுங்கள். ஒரே குழுவில் சிலர் நேர்ச்சாலையிலும் சிலர் சந்துகள் வழியாகவும் போனால், கோயில் வாசலுக்கு வெவ்வேறு நேரத்தில் வந்து சேர்வார்கள். பின்னால் புறப்பட்ட குழுவின் நேர்ச்சாலைக்காரர்கள் முன்குழுவின் சந்துக்காரர்களோடு கலந்துவிடுவார்கள். வாசலில் நிற்பவருக்கு எந்தக் குழு எங்கே முடிந்தது என்று தெரியாது.

மல்டிமோடு இழையில் நடப்பது இதுதான். அகலமான உள்ளகத்துக்குள் ஒளிக்குப் பல பாதைகள் இருக்கின்றன. அதனால்தான் 10 ஜிகாபிட் ஈத்தர்நெட், தரமான மல்டிமோடு இழையிலும் 300, 400 மீட்டரில் நின்றுவிடுகிறது. ஒளி தேய்ந்து போனதால் அல்ல, பிட்டுகள் ஒன்றோடொன்று கலந்துவிட்டதால்.

சிங்கிள்மோடு இழையில் சந்துகளே இல்லை. ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிட்டால் உள்ளகம் அவ்வளவு ஒடுக்கம். ஒரே ஒரு பாங்கில்தான் அலை அதற்குள் செல்ல முடியும். ஒளிக்கதிர் சுவரில் முட்டி முட்டி வளைந்து போவதாகப் பாடப்புத்தகங்களில் வரும் படம் இதற்குப் பொருந்தாது. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் பலர் சிங்கிள்மோடு என்றால் ஒற்றை இழை என்று நினைத்துக்கொள்கிறார்கள். இழை எத்தனை என்பதல்ல, இழைக்குள் பாதை எத்தனை என்பதே கேள்வி. நாம் பேசும் நெடுந்தூர ஈத்தர்நெட்டில் போக ஒன்று, வர ஒன்று என்று பெரும்பாலும் இரண்டு இழைகள் இருக்கும். ஒரே இழையைப் பல வீடுகளுக்குப் பங்கு போடும் வீட்டு இணைப்பு வேறு ரகம், அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

## தீவுக்குள்: ஒரு மில்லிவாட்டின் பயணம்

ஸ்விட்சின் முகப்பில் வரிசையாகச் சதுரப் பொந்துகள் இருக்கும். அவற்றில் விரல் நீளமே உள்ள ஒரு மாட்யூலைச் செருகுவார்கள். உள்ளே அனுப்ப ஒரு லேசர், பெற ஓர் ஒளி உணரி. அதில் மஞ்சள் நிற இழைவடத்தை மாட்டுவார்கள். மஞ்சள் என்றால் சிங்கிள்மோடு, இதுவே உலக வழக்கம். எவ்வளவு தூரம் என்பதைத் தீர்மானிப்பது ஸ்விட்ச் அல்ல, இந்த மாட்யூல்தான். 2002இல் வெளிவந்த 10 ஜிகாபிட் தரநிலையில் எல்ஆர் வகை 10 கிலோமீட்டருக்கு, ஈஆர் வகை 40 கிலோமீட்டருக்கு. 80 கிலோமீட்டர் இசட்ஆர் வகை அந்தத் தரநிலையில் இல்லை, உற்பத்தியாளர்களே கொண்டுவந்தது. ஆனாலும் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள்.

போர்ட் லூயியிலிருந்து மாஹேபூர் பக்கம் 50 கிலோமீட்டர் கேபிள் போகிறது என்று வைத்துக் கணக்குப் போடுவோம். ஒட்டுகளையும் சேர்த்துக் கிலோமீட்டருக்கு 0.25 டெசிபெல் என்றால் 12.5. வழியில் நான்கு இணைப்பு முனைகள், ஒவ்வொன்றுக்கும் அரை டெசிபெல், ஆக 2. மொத்தம் 14.5. ஒரு மில்லிவாட் அனுப்பினால் போய்ச் சேருவது அதில் 28இல் ஒரு பங்கு. இசட்ஆர் மாட்யூலின் உணரி 250இல் ஒரு பங்கு மில்லிவாட்டையும் படித்துவிடும். இணைப்பு தாங்கும், கையிருப்பும் இருக்கிறது.

இந்தக் கையிருப்பைத் தின்பது பெரும்பாலும் தூசிதான். உள்ளகம் 9 மைக்ரான். அதன் வாயில் ஒரு துகள் உட்கார்ந்தால் 50 கிலோமீட்டர் கண்ணாடி செய்யாத கெடுதலை அது செய்யும். ஓர் அலுவலகத்தில் இணைப்பு விளக்கு பச்சையாகவே எரிந்துகொண்டிருந்தது. ஆனால் ஸ்விட்சில் சரிபார்ப்பு எண் பொருந்தாத சட்டகங்கள் மணிக்கு மணி கூடிக்கொண்டே போயின. கேபிள் நிறுவனத்தைக் குறை சொல்லி இரண்டு தரப்பும் மாறி மாறிக் கடிதம் எழுதின. கடைசியில் முனையைக் கழற்றிச் சிறு நுண்ணோக்கியில் பார்த்தபோது நடுவட்டத்தின் மேலேயே எண்ணெய்ப் பிசுக்கு. யாரோ விரலால் தொட்டிருக்கிறார்கள். பேனா மாதிரி இருக்கும் துடைப்பானை வைத்து ஒரு அழுத்து, அவ்வளவுதான்.

இன்னொரு எச்சரிக்கை. தூரம் போகும் மாட்யூல்தான் உசத்தி என்று நினைத்து, அடுத்த அறைக்கு இரண்டு மீட்டர் இழையில் இசட்ஆரை மாட்டுபவர்கள் உண்டு. அதன் உணரிக்கு ஐந்தில் ஒரு பங்கு மில்லிவாட்டே அதிகம். முழு மில்லிவாட் நேராக விழுந்தால் உணரி பாழாகலாம். இழையின் வாயைக் கண்ணால் பார்க்கவும் கூடாது. அகச்சிவப்பு ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கலாம்.

## ஒரே பாதையிலும் நடை வேறு

சந்துகளை மூடிவிட்டோம். எல்லோரும் ஒரே சாலையில்தான் போகிறார்கள். ஆனால் எல்லோருடைய நடையும் ஒன்றல்ல. குழு நெருக்கமாகப் புறப்பட்டாலும் போகப் போக நீண்டுவிடும்.

ஒளிக்கும் இதே கதி. லேசர் ஒற்றை நிறம் என்று சொல்கிறோம். ஆனால் அதை வேகமாக அணைத்து ஏற்றும்போது மிக நெருங்கிய பல நிறங்கள் கலந்துவிடுகின்றன. கண்ணாடியில் நிறத்துக்கு நிறம் வேகம் கொஞ்சம் வேறுபடும். அதனால் துடிப்பு நீண்டு அகலும். இதற்கு நிறப்பிரிகை என்று பெயர். 1550 நானோமீட்டரில், ஒரு நானோமீட்டர் நிற அகலத்துக்கு, ஒரு கிலோமீட்டருக்கு 17 பிக்கோ வினாடி அகலும். பிக்கோ வினாடி என்பது ஒரு வினாடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. அற்பமாகத் தோன்றலாம். ஆனால் 10 ஜிகாபிட்டில் ஒரு பிட்டுக்கு ஒதுக்கிய நேரமே 100 பிக்கோ வினாடிதான்.

வேகத்தைக் கூட்டினால் இரண்டு அடி விழுகிறது. பத்து மடங்கு வேகம் என்றால் பிட்டின் நேரம் பத்தில் ஒன்றாகக் குறையும். துடிப்பு குறுகக் குறுக நிற அகலமும் பத்து மடங்கு கூடும். ஆக, தாங்கும் தூரம் நூறில் ஒரு பங்காகிவிடும். 10 ஜிகாபிட்டில் 80 கிலோமீட்டர் தாங்கினால், அதே முறையில் 100 ஜிகாபிட்டை அனுப்பினால் ஒரு கிலோமீட்டர்கூடத் தேறாது. ஒளி தாராளமாக வந்து சேரும், ஆனால் படிக்க முடியாத குழப்பமாக வந்து சேரும். 'பவர் நன்றாக இருக்கிறதே, ஏன் வேலை செய்யவில்லை?' என்ற கேள்விக்குப் பதில் பல நேரங்களில் இதுதான்.

2010இல் வந்த 100 ஜிகாபிட் தரநிலை இதை நேராக மோதாமல் ஒதுங்கிப் போயிற்று. சாதாரண சிங்கிள்மோடு இழையில் 1310 நானோமீட்டர் அருகே நிறப்பிரிகை ஏறக்குறைய பூஜ்யம். அந்தப் பக்கமாக நான்கு நிறங்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் 25 ஜிகாபிட்டாகப் பிரித்து அனுப்பினார்கள். விலை என்னவென்றால், அங்கே இழப்பு கிலோமீட்டருக்கு 0.35 டெசிபெல். அதனால் எல்ஆர்4 வகைக்கு 10 கிலோமீட்டர், ஈஆர்4 வகைக்கு 40.

சுருக்கமாக: தூரத்துக்கு எதிரிகள் இருவர். ஒன்று வலுவிழப்பு, மற்றது நிறப்பிரிகை. முதல் எதிரி 1550இல் அடங்கும், இரண்டாவது எதிரி 1310இல் அடங்கும்.

## கலைந்ததைக் கணக்கால் சேர்ப்பது

என் பார்வையில் இத்துறையின் பெரிய பாய்ச்சல் கண்ணாடியில் நடக்கவில்லை, கணக்கில் நடந்தது. பழைய முறையில் உணரி ஒளி இருக்கிறதா இல்லையா என்று மட்டுமே பார்த்தது. புதிய முறையில் பெறும் முனையில் இன்னொரு லேசர் இருக்கும். வரும் ஒளியை அதோடு கலந்து பார்த்தால், ஒளியின் வலிமையோடு அலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது, எந்தத் தளத்தில் அதிர்கிறது என்பதும் தெரிந்துவிடும். இதற்குக் கோஹிரண்ட் முறை என்று பெயர்.

அலையைப் பற்றி எல்லாம் தெரிந்துவிட்டால் நிறப்பிரிகை குழப்பமாக இருப்பதில்லை. எந்த நிறம் எவ்வளவு பின்தங்கும் என்பது முன்பே தெரிந்த விதி. அதைத் தலைகீழாகப் போட்டு ஒரு சில்லு எல்லாவற்றையும் மீண்டும் நெருக்கமாக நிறுத்திவிடும். கூடவே ஒரு லாபம்: வலிமையும் கட்டமும் சேர்ந்து 16 நிலைகள், அதாவது 4 பிட். இரண்டு அதிர்வுத் தளங்களில் தனித்தனியாக அனுப்பினால் ஒரு துடிப்புக்கு 8 பிட். வினாடிக்கு ஏறத்தாழ 6,000 கோடி துடிப்புகள். பிழைதிருத்தத்துக்கான இடத்தைக் கழித்தால் 400 ஜிகாபிட் ஈத்தர்நெட். 2020இல் வெளியான 400இசட்ஆர் என்ற வரையறை இதை ஸ்விட்சில் செருகும் ஒரு மாட்யூலுக்குள் அடக்கி, இடையே ஒளிக்கு வலுவூட்டும் பெருக்கி வைத்தால் 120 கிலோமீட்டர் வரை கொண்டுசெல்கிறது. மொரீசியஸின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இதுவே தாராளம்.

## தீவுக்கு வெளியே

ரொட்ரிக்ஸுக்கு 700 கிலோமீட்டர். 0.2 டெசிபெல் வீதம் 140 டெசிபெல். அனுப்பியதில் கோடி கோடியில் ஒரு பங்குதான் மிஞ்சும். எந்தச் சில்லும் எந்தக் கணக்கும் இங்கே உதவாது. வழியில் வலுவூட்டியாக வேண்டும்.

அதற்கு வழி கிடைத்தது 1987இல். பிரிட்டனின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பெயின் குழு எர்பியம் என்ற தனிமம் கலந்த இழையை எடுத்து, அதற்கு வேறொரு லேசரால் ஆற்றல் ஊட்டியது. அதன் வழியே 1550 நானோமீட்டர் ஒளி போனால் தன்னைப் போன்ற ஒளியையே பெருக்கிக்கொண்டு வெளியே வருகிறது. மின்குறியாக மாற்றித் திரும்ப ஒளியாக்கும் வேலை இல்லை. பல நிறங்கள் சேர்ந்து போனாலும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பெருக்கும். கடலடி கேபிளில் 60 முதல் 100 கிலோமீட்டருக்கு ஒரு பெருக்கி இருக்கும். அதற்கான மின்சாரம் கேபிளுக்குள் ஓடும் செம்புக் குழாய் வழியே கரையிலிருந்து பல ஆயிரம் வோல்ட்டில் போகிறது. ஒவ்வொரு பெருக்கியும் கொஞ்சம் இரைச்சலையும் சேர்க்கும். தூரம் கூடக் கூட ஒரு துடிப்பில் குறைவான பிட்டுகளையே ஏற்ற முடிவதற்கு அதுதான் காரணம்.

கடலுக்கடியில் ஓடுவது ஈத்தர்நெட்டா என்று கேட்டால், பாதி ஆம். கரைநிலையத்தில் ஈத்தர்நெட் சட்டகங்களை ஓடிஎன் என்ற வேறொரு போக்குவரத்து உறைக்குள் அப்படியே பொதிந்து, பிழைதிருத்தம் சேர்த்து, ஒரு நிறத்தில் ஏற்றுகிறார்கள். மறுகரையில் பிரித்தால் அதே சட்டகம், அதே சரிபார்ப்பு எண். 'டர்பனுக்கு 100 ஜிகாபிட் ஈத்தர்நெட்' என்று விற்கப்படுவதன் பொருள், இரண்டு முனையிலும் ஈத்தர்நெட்டாகக் கையில் கிடைக்கும் என்பதுதான். நடுவே அது மெட்டிஸின் 24 டெராபிட் (24,000 ஜிகாபிட்) கொள்ளளவில் ஒரு நிறத்தின் ஒரு பங்கு.

2002இல் சேவைக்கு வந்த சேஃப் கேபிள், தென்னாப்பிரிக்காவிலிருந்து ரியூனியன், மொரீசியஸ், கொச்சி வழியாகப் பினாங்கு வரை போகிறது. அப்போது போட்ட அதே கண்ணாடியில் இன்று அதிகத் தரவு ஓடுகிறதென்றால், கரைநிலையத்துப் பெட்டிகள் மாறியிருக்கின்றன என்று பொருள். ஆழ்கடலில் கிடக்கும் பெருக்கிகளை அப்படி மாற்ற வழியில்லை. அவை எவ்வளவு அகலமான நிறப்பட்டைக்கு இடம் கொடுக்கின்றன, எவ்வளவு இரைச்சலைச் சேர்க்கின்றன என்பதே ஒரு கேபிளின் உச்சவரம்பு. அதை எட்டிவிட்டால் புதிய கேபிள்தான் போட வேண்டும்.